கொழுந்து நிறுக்கும் இடமும் நிறுவனம்தான்

பல்கலைக்கழகத்தின் வணிக மேலாண்மைப் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

மஞ்சூர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் பி.பி.ஏ. பட்டத்தை நான் வாங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போது ஒரு தேயிலை ஆலையில் இலைக் கணக்குப் பார்க்கிறேன். என் தங்கை மலை மேல் இருக்கும் ஒரு கல்லூரியில் அதே படிப்பில் நாலாவது செமஸ்டர் படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் வந்து என் முன்னால் ஒரு தாளை நீட்டினாள். கோடை விடுமுறையில் முப்பது நாள் நிறுவனப் பயிற்சி. பதிவு பெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும். லெட்டர் பேடில் சம்மதக் கடிதம் வேண்டும், சீல் வேண்டும், ஜி.எஸ்.டி. எண் வேண்டும். சொந்தத் தொழிலும் உறவினர் தொழிலும் ஏற்கப்படாது. பயிற்சியை முடிக்காதவர்களுக்குப் பட்டம் கிடையாது.

"அக்கா, கோயமுத்தூர்ல உனக்கு யாரையாச்சும் தெரியுமா?" என்று கேட்டாள்.

இதே கேள்வியோடு நானும் ஒரு கோடையில் வீடு வீடாக அலைந்திருக்கிறேன். அப்போது ஜி.எஸ்.டி. எண் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கடைசியில் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு லாரிக்காரர் மூலமாக மலைக்குக் கீழே ஒரு அலுவலகம் கிடைத்தது. லேடீஸ் ஹாஸ்டலுக்கு ஒரு மாத வாடகை, சாப்பாடு, அட்வான்ஸ் எல்லாம் சேர்த்து, எங்கள் தேயிலையை விற்று அந்த மாதம் வந்த இலைப் பணம் முழுக்க என்னோடு கீழே இறங்கிவிட்டது. அங்கே எனக்குக் கொடுத்த வேலை, பழைய ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி ஃபைலில் துளை போட்டுக் கோப்பது. இருபதாவது நாள் அங்கிருந்த ஒருவர், போன வருஷம் பயிற்சிக்கு வந்த பெண்ணின் அறிக்கையை எடுத்துக் கொடுத்து, "பேரை மட்டும் மாத்திக்கம்மா, எல்லாரும் அப்படித்தான்" என்றார். மாற்றிக் கொடுத்தேன். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் இரண்டு கேள்வி கேட்டார்கள். நல்ல மார்க்கே போட்டார்கள். அந்த மார்க் இன்றும் என் மதிப்பெண் பட்டியலில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும்.

நான் அங்கே துளை போட்டுக்கொண்டிருந்த மாதத்தில் எங்கள் ஊரில் என்ன நடந்தது தெரியுமா? கோடை மழை விழுந்து கொழுந்து குவிந்தது. அம்மாவுக்கு ஆள் பற்றவில்லை. இலை முற்றிப் போனது. முற்றின இலைக்கு ஆலையில் விலையைக் குறைத்தார்கள். ஒரு வியாபாரம் எங்கே லாபம் காண்கிறது, எங்கே கை நழுவுகிறது என்று கண்ணால் பார்த்துக் கற்றிருக்க வேண்டிய முப்பது நாளில் நான் வீட்டில் இல்லை. அந்த மாதத்துப் பாடம் எங்கள் அரை ஏக்கரில்தான் நடந்தது.

உங்கள் படிப்பைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. அது எனக்குச் சோறு போடுகிறது. பகுதி ஒன்றில் தமிழ், இரண்டில் ஆங்கிலம், மூன்றில் முக்கியப் பாடங்களும் சார்புப் பாடங்களும், நாலில் சுற்றுச்சூழல், திறன் பாடம், ஐந்தில் என்.எஸ்.எஸ். மாதிரியான விரிவாக்கப் பணி என்று ஆறு செமஸ்டரும் சேர்ந்து 140 கிரெடிட், அதாவது பாட மதிப்பு அலகு. நூற்றுக்கு நாற்பது வாங்கினால் பாஸ், நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வர வேண்டும். இதில் எதுவும் வீண் என்று சொல்ல மாட்டேன். தமிழ் தாள் இருந்ததால்தான் இந்த மடலைத் தயங்காமல் எழுத முடிகிறது. பிசினஸ் மேத்ஸில் படித்த விகிதக் கணக்கைத் தினமும் போடுகிறேன்.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'பிராசஸ் காஸ்டிங்' என்று ஒரு பாடம் வருமே, அதைச் சொல்ல வேண்டும். மூலப்பொருள் உள்ளே போகிறது, ஒவ்வொரு கட்டத்திலும் இவ்வளவு சேதாரம், கடைசியில் இவ்வளவு உற்பத்தி, ஒரு அலகுக்கு அடக்கவிலை என்ன? எங்கள் புத்தகத்தில் எல்லாக் கணக்கும் 'ஏ, பி, சி' என்ற மூன்று கட்டங்களில், ஏதோ ஒரு ரசாயனத்துக்கு இருந்தது. அந்த ரசாயனத்தை நான் பார்த்ததே இல்லை. இயல்பான சேதாரம், மிகையான சேதாரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு ஒரு தடவை அரியர் வைத்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் வாடவைக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் அது புரிந்தது. தொட்டியில் பரப்பின பச்சை இலை ராத்திரி முழுக்கக் காற்று வாங்கி, காலையில் கையில் எடுத்தால் துணி மாதிரி துவண்டு கிடக்கும். போன எடை தண்ணீர். அதுதான் இயல்பான சேதாரம். இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி மெஷினில் அரைபட்டு, புளித்து, டிரையரில் வெந்து, சல்லடையில் பிரிந்து வருவதற்குள் நாலு கிலோவுக்கு மேல் இருந்த இலை ஒரு கிலோ தூளாகிவிடும். கீழே விழும் கழிவைக்கூட இஷ்டத்துக்கு விற்க முடியாது. அதற்கு 1959ஆம் வருஷத்துத் தேயிலைக் கழிவுக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது, லைசென்ஸ் வேண்டும். மூன்று வருஷம் புத்தகத்தில் தேடினது ஒரு காலையில் என் கண் முன்னால் கிடந்தது.

என் தங்கைக்கு அப்படி ஒரு காலைப்பொழுது படிக்கும்போதே கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

அவள் இப்போதே என்ன செய்கிறாள் என்று சொல்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் இலை நிறுக்கும் லீஃப் ஷெட்டில் எங்கள் வரிசை வீடுகள் ஏழெட்டுக்கும் அவள்தான் இலைக் கணக்கு எழுதுவாள். சாக்கைத் தராசில் மாட்டுவார்கள், முள் ஆடி நிற்கும், அவள் எட்டிப் பார்த்துச் சத்தமாகச் சொல்லுவாள். சாக்கு எடையைக் கழிப்பார்கள். மழை பெய்திருந்தால் ஈரத்துக்கு ஒரு கழிவு. அங்கேதான் தகராறு. இலை வாங்க வரும் இலைக்காரர் ஒன்று சொல்லுவார், அம்மா ஒன்று சொல்லுவாள். இவள் ஒரு பிடி இலையை எடுத்து அழுத்திப் பிழிந்து, விரலில் தண்ணீர் ஒட்டுகிறதா என்று பார்த்து நடுவில் ஒரு எண்ணைச் சொல்லுவாள். பெரும்பாலும் இரண்டு பேரும் ஒப்புக்கொள்வார்கள். பேரம் பேசுவதற்கு உங்கள் பாடத்தில் ஒரு முழு அலகு இருக்கிறது. அவளுக்கு இருக்கும் இந்தப் பழக்கத்துக்கு ஒரு கிரெடிட்டும் இல்லை.

மாதம் பிறந்ததும் தேயிலை வாரியம் அறிவிக்கும் சராசரி விலையை வைத்து அவள் வீட்டுச் சுவரில் கரியால் போடும் கணக்கையும் பாருங்கள். இப்போதைய விலைப் பகிர்வில் விவசாயிக்கு 65 பங்கு, ஆலைக்கு 35 பங்கு. குன்னூர் ஏலத்தில் தூள் கிலோ சராசரி 100 ரூபாய் போனது என்று வைத்துக்கொள்வோம். இலைக்கு 65 ரூபாய். ஒரு கிலோ தூளுக்கு நாலேகால் கிலோ இலை போனால், இலைக்குக் கிலோ 15 ரூபாய் 29 காசு. நனைந்த இலையாக இருந்து அஞ்சு கிலோ போனால் 13 ரூபாய்தான். மாதம் 500 கிலோ கொடுக்கிற வீட்டில் இந்த இரண்டேகால் ரூபாய்ச் சொச்சம் 1,145 ரூபாய் ஆகிறது. எங்கள் வீட்டு ஒரு மாத மளிகையில் பாதி அது. இந்தப் பகிர்வுக்கு அடிப்படையான 2003ஆம் வருஷத்துத் தேயிலை விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணை என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். சுவரில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் யாரும் தூங்க மாட்டார்கள்.

இந்த மலையில் பயிற்சிக்கு இடம் இல்லாமலா பிள்ளைகள் கீழே போகிறார்கள்? சிறு விவசாயிகளே உறுப்பினராக இருக்கும் கூட்டுறவுத் தேயிலை ஆலைகள் மட்டும் 16 இருக்கின்றன, குன்னூரில் இன்கோசர்வ் என்ற இணையத்தின் கீழே. அதில் முதல் ஆலை எங்கள் குந்தாவில், 1962இல் வந்தது. தனியார் ஆலைகள் அதைவிட எத்தனையோ மடங்கு. வாரா வாரம் ஏலம் நடக்கிறது. ஏலத்துக்கு முன்னால் புரோக்கர் அலுவலகத்தில் வரிசையாகக் கிண்ணம் வைத்துச் சுவை பார்த்து விலை போடுகிறார்கள். ஒரு மாணவி அங்கே நாலு வாரம் உட்கார்ந்தால் மார்க்கெட்டிங் பாடத்தின் பாதி அவளுக்குள் இறங்கிவிடும். கேத்தி பாலாடாவில் நடுராத்திரியிலிருந்து கேரட் கழுவுகிறார்கள். கழுவின மூட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச் சேர்ந்ததும் ஏலம், கமிஷன், வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி. நிலத்தில் ஒரு விலை, மண்டியில் ஒரு விலை, சென்னைக் கடையில் ஒரு விலை ஏன் என்று ஒரு கேரட்டின் பின்னாலேயே போய் எழுதினால் அதைவிட நல்ல புராஜெக்ட் எது? தோடர் எம்பிராய்டரிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீடு கிடைத்த பிறகு தைக்கிற பெண்ணின் கைக்கு என்ன கூடுதலாக வருகிறது என்று கேட்டு எழுத ஒரு மாணவி போதும். பந்தலூர்ப் பக்கம் என் வகுப்புத் தோழி ஒருத்தி, இலங்கையிலிருந்து வந்த குடும்பம், அவளுடைய தாத்தா காலத்திலிருந்து அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் வேலை. ஒரு அரசு நிறுவனம் எப்படி நடக்கிறது, எங்கே நஷ்டப்படுகிறது என்று அவள் வீட்டுத் திண்ணையில் தினமும் பேசுவார்கள். அவளும் பயிற்சிக்குக் கீழேதான் போனாள்.

சுற்றுலாவை நான் சொல்லவே வேண்டாம். 2024 மே 7ஆம் தேதியிலிருந்து ஊட்டிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற ஆன்லைன் அனுமதி வேண்டும். அடுத்த வருஷம் சீசனில் நீலகிரிக்குள் வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. ஒரே உத்தரவில் வர்க்கிக் கடை, ஹோம்ஸ்டே, டாக்சி, பெட்டிக்கடை எல்லாருடைய வருஷ வரவும் மாறுகிறது. 'வணிகச் சூழல்' என்று நீங்கள் வைத்திருக்கும் பாடம் இதுதானே? ஆனால் மலர்க்காட்சி நடக்கிற அந்த மே மாதத்தில் எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் தேர்வு எழுதிக்கொண்டிருப்பார்கள், மீதிப்பேர் கோயமுத்தூரில் ஃபைல் அடுக்கிக்கொண்டிருப்பார்கள்.

சரி, விதி ஏன் இப்படி இருக்கிறது என்றும் யோசித்துப் பார்த்தேன். எங்கள் துறையில் ஒரு மேடம் அப்போதே சொன்னார், "மாமா கடையில சீல் வாங்கிட்டு வந்து நிப்பீங்க, கல்லூரித் தரம் பார்க்க நாக் குழு வந்தா நாங்க என்ன காட்டறது?" அவர் பயம் நியாயம்தான். ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் லெட்டர் பேடும் ஜி.எஸ்.டி. எண்ணும் அதைத் தடுக்கவில்லை. காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கி, அந்த ஊருக்கே போகாமல் பயிற்சி முடித்தவர்கள் என் வகுப்பில் இருந்தார்கள். என் அறிக்கையே இன்னொருத்தியின் அறிக்கை. சீலைப் பார்த்து மார்க் போட்டால் சீல்தான் வரும். நாட்குறிப்பைப் பாருங்கள். தினமும் என்ன பார்த்தாய், எந்த எண்ணை நீயே எழுதினாய், யாரோடு பேசினாய் என்று கையால் எழுதின நோட்டைக் கேளுங்கள். வைவாவில் அந்த நோட்டிலிருந்து கேளுங்கள். "மே 12ஆம் தேதி ஈரக் கழிவு ஏன் கூடியது?" என்று கேட்டால், அங்கே நின்றவளுக்குத்தான் பதில் தெரியும்.

சொந்தத் தொழில் கூடாது என்பதிலும் எனக்கு ஒரு வருத்தம். சொந்தக்காரர் கையெழுத்துப் போடக் கூடாது என்றால் ஒப்புக்கொள்கிறேன். அதற்குத் துறை ஆசிரியர் ஒருவரோ, ஆலை மேனேஜரோ, மகளிர் குழுத் தலைவியோ மேற்பார்வை பார்க்கட்டும். ஆனால் வீட்டுத் தொழிலையே தொடாதே என்று சொன்னால், அது தொழிலே இல்லை என்று பிள்ளை நினைத்துவிடுகிறாள். என் தங்கை "எங்க வீட்ல பிசினஸ் எதுவும் இல்ல மேடம்" என்று துறையில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இருபத்தைந்து வருஷமாக இலை விற்கிற அம்மாவின் மகள் அவள்.

கிரெடிட் கணக்கில் இதற்கு இடம் இருக்கிறது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி வெளியிட்ட பாடத்திட்ட, கிரெடிட் வரையறையைப் படித்துப் பார்த்தேன். வகுப்புப் பாடம் 15 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட், பயிற்சியும் களப்பணியும் 30 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். கோடைப் பயிற்சிக்கு இரண்டிலிருந்து நாலு கிரெடிட் வரை. மூன்று வருஷப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் போதும் என்கிறார்கள், நம்மிடம் 140 இருக்கிறது. இரண்டு கிரெடிட் என்றால் 60 மணி நேரம். சனிக்கிழமை தோறும் நாலு மணி நேரம் என்று வைத்தால் பதினைந்து சனிக்கிழமை, ஒரு செமஸ்டருக்குள் முடிந்துவிடும். ஒரே மூச்சில் முப்பது நாள், அதுவும் மே மாதத்தில்தான் என்று கட்டாயம் இல்லாவிட்டால், ஹாஸ்டல் செலவும் இல்லை, மகளைக் கீழே தனியாக அனுப்பவேண்டுமே என்று அப்பாக்கள் படிப்பையே நிறுத்துகிற பேச்சும் இல்லை. எங்கள் ஊரில் ஒரு பெண் அப்படித்தான் இரண்டாம் வருஷத்தோடு நின்றாள். அவளுக்கு அரியர் ஒன்றுகூடக் கிடையாது.

அறிக்கையைத் தமிழில் எழுதவும் விடுங்கள். ஆங்கில வழியில் படித்தாலும் தேர்வை உள்ளூர் மொழியில் எழுத அனுமதியுங்கள் என்று 2023 ஏப்ரலில் யுஜிசியே பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. கவ்வாத்து, கொழுந்து, முற்றல், ஈரக் கழிவு எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் தேடித்தான் பிள்ளைகள் பழைய அறிக்கையைப் பார்த்து எழுதப் போகிறார்கள். தங்கள் வாயில் இருக்கும் சொல்லில் எழுதச் சொன்னால் பார்த்து எழுத வேண்டியதே இல்லை.

வருகைப் பதிவைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இவ்வளவு தூரம் எழுதினதால். எழுபத்தைந்து சதவீதம் சரியான அளவுதான். ஆனால் மலையில் நவம்பர் என்றால் என்னவென்று 2009இல் எல்லாரும் பார்த்தோம், மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் போனார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அந்த மாதிரி நாட்களில் எங்கள் பஸ் வராது. மரம் விழுந்த நாளுக்கெல்லாம் வருகை குறைந்ததற்கு நான் கண்டோனேஷன் கட்டணம் கட்டினேன். மருத்துவச் சான்றிதழ் இருந்தால் ஏற்பார்கள், ரோடு மூடியிருந்ததற்குச் சான்றிதழ் யார் தருவார்? கலெக்டர் விடுமுறை விட்ட நாளையும் பஸ் ஓடாத நாளையும் கணக்கிலிருந்து எடுத்துவிடும் உரிமையைக் கல்லூரி முதல்வருக்கே கொடுத்தால் போதும்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2024-25 கல்வியாண்டிலிருந்து பி.பி.ஏ. படிப்பு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ-யின் வரம்புக்குள் வந்துவிட்டது, மாதிரிப் பாடத்திட்டமும் வெளியிட்டிருக்கிறார்கள். அதை வைத்து எப்படியும் நீங்கள் கூடி உட்கார்ந்து திருத்தத்தான் போகிறீர்கள். அந்தக் கூட்டத்தில் நிறுவனப் பயிற்சி என்ற பத்தி வரும்போது 'பதிவு பெற்ற நிறுவனம்' என்ற இடத்தில் கூட்டுறவு ஆலை, தனியார் ஆலை, ஏல அலுவலகம், மண்டி, மகளிர் குழு, ஹோம்ஸ்டே, மாணவரின் குடும்பத் தொழில் என்று எழுதுங்கள். எது தகும் என்று முடிவு செய்வதை உள்ளூர்க் கல்லூரித் துறைக்கு விடுங்கள். அவர்களுக்குத் தெரியும், அவர்களும் இந்த மலையில்தான் இருக்கிறார்கள்.

என் தங்கை சம்மதக் கடிதத்தை ஏப்ரல் கடைசிக்குள் துறையில் கொடுக்க வேண்டும். அவளுக்காகக் கீழே ஒரு அலுவலகத்தில் நானே கேட்டு வைத்திருக்கிறேன், வேறு வழி இல்லை. உங்கள் திருத்தம் அவளுக்குப் பயன்படாது என்று தெரியும். அவளுக்கு அடுத்து எங்கள் வரிசையிலேயே மூன்று பிள்ளைகள் பிளஸ் டூவில் வணிகவியல் படிக்கிறார்கள்.

கூட்டத்துக்கு முன்னால் உங்களில் ஒருவராவது ஒரு சனிக்கிழமை மேலே வாருங்கள். ஊட்டியிலிருந்து மஞ்சூர் பஸ் ஏறினால் போதும், நிறுத்தத்தில் நான் நிற்பேன். மூன்று மணிக்கு நிறுவை தொடங்கும். ஒரு ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள், மே மாதமானாலும் சாயங்காலம் இங்கே மூடுபனி இறங்கிவிடும்.

இப்படிக்கு,
பழைய மாணவி ஒருத்தி,
மஞ்சூர், நீலகிரி